முதல் பிரதிவாதி மருதக்கண்மாய்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் அம்மா. எனக்கு எதிர்க்காற்று ஆகாது, காது அடைத்துக்கொள்ளும். இந்தப் பையை மட்டும் உங்கள் காலடியில் கொஞ்சம் வைத்துக்கொள்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. கோர்ட்டுக் காகிதம், தண்ணீர் பாட்டில், பிரஷர் மாத்திரை. காகிதம் நனைந்துவிடுமோ என்று பாட்டில் மூடியை மூன்று தடவை திருகிப் பார்த்துவிட்டேன். வீட்டில் கேஸ் அடுப்பைத் திருகினேனா என்பதுதான் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

நீங்கள் எங்கே, கோர்ட்டுக்குத்தானா? கையில் காகித உறை இருக்கிறதே என்று கேட்டேன். சரி, சரி, அதை அப்புறம் சொல்லுங்கள். என்னுடையதைக் கேட்டால் உங்களுடையது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும்.

அதோ, மூன்று சீட்டு முன்னால், அரக்குச் சேலை. கொண்டையில் கனகாம்பரம் வைத்திருக்கிறாளே, அவள். கோர்ட்டுக்குப் போகிறவள் பூ வைத்துக்கொண்டு போகிறாள் பாருங்கள். அவள்தான் என் மேல் கேஸ் போட்டிருக்கிறாள். என் மேல் என்று சொன்னால் எங்கள் வக்கீலம்மா திட்டுவார். கேஸ் எங்கள் ஊர் மருதக்கண்மாய் மேல். நான் அதற்குக் காப்பாளர். சிரிக்காதீர்கள். கண்மாய் மேல் எப்படிக் கேஸ் போடுவார்கள் என்றுதானே? எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

கேஸ் போட்டவள் வேறு யாரும் இல்லை, என் தங்கச்சி. கூடப் பிறந்தவள். சீனியம்மாள் என்று பேர். காலையில் எங்கள் ஊரிலிருந்து டவுனுக்கு இந்த ஒரு பஸ்தான். கேஸ் போட்டவளும் இதில்தான் வர வேண்டும், கேஸில் மாட்டியவளும் இதில்தான் வர வேண்டும். ஸ்டாப்பில் இரண்டு பேரும் கால் மணி நேரம் நின்றோம். அவள் கிழக்கே பார்த்தாள், நான் மேற்கே பார்த்தேன். ஒன்பது மாதமாக இப்படித்தான்.

பாருங்கள், கண்டக்டர் என்னைத் தாண்டிப் போகிறார். உங்களுக்குக் கொடுத்தார். பின்னால் அந்தக் கீரைக்காரம்மாவுக்குக் கொடுத்தார். நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பது கண்ணுக்கே தெரியவில்லை. பெண்களுக்கு இலவச டிக்கெட்தானே, அதைக் கொடுக்கவும் கை வரவில்லை. கூப்பிட்டுக் கேட்கட்டுமா? வேண்டாம். காலையிலேயே யாரோடு மல்லுக்கட்டுவது. இன்றைக்குக் கூண்டில் ஏறி வேறு நிற்க வேண்டும்.

ஆமாம், இன்றைக்குத்தான் என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். அவள் பக்கத்து வக்கீல் கேட்பார். ஒரே ஒரு கேள்விதான் அம்மா, அதைச் சுற்றித்தான் எல்லாம். அன்றைக்கு யாராவது உங்களிடம் வந்து சொன்னார்களா, இல்லையா? இல்லை என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்து, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதையே வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். யாரும் வந்து சொல்லவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்குப் புரியும். எங்கள் கண்மாய்க்கு மேலே, ஓடையை ஒட்டி, நாலு சாயப்பட்டறை இருந்தது. பட்டறைக்காரர்கள் விடுகிற தண்ணீர் நேரே எங்கள் கண்மாய்க்குத்தான் வரும். ஒரு வாரம் ஊதா, ஒரு வாரம் சிவப்பு. ஜவுளிக்கடையில் இந்த வருஷம் எந்தக் கலர் ஓடுகிறது என்பதை எங்கள் கண்மாயைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் எருமை அதைக் குடித்து வயிறு உப்பிச் செத்தது. அது வரைக்கும் நானும் எல்லாரையும் போலப் புலம்பிக்கொண்டுதான் இருந்தேன். எருமை செத்ததும் புலம்பலை மனுவாக எழுதிக்கொண்டு அலைய ஆரம்பித்தேன்.

அப்போதுதான் வக்கீல் ரெஜினா எங்கள் ஊருக்கு வந்தார். பெரிய கோர்ட்டில் வழக்குப் போடலாம், ஊரில் யாராவது பேர் கொடுங்கள் என்றார். ஆம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் மகனுக்குப் பட்டறையில் வேலை. ஒருத்தன் பட்டறைக்கு விறகு அடிக்கிறான். தங்கச்சி புருஷன் அங்கே மேஸ்திரி. டீக்கடை ஒச்சப்பன்தான் சொன்னான், "பவுன்தாய் அக்கா பேரப் போடுங்க. எப்படியும் நாள் பூரா புலம்பிக்கிட்டுத்தான் இருக்கு, அத கோர்ட்டுல போய்ப் புலம்பட்டும்." எல்லாரும் சிரித்தார்கள். நான் போட்டேன். வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது, தடுக்க ஆள் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அங்கே சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. எல்லா ஊருக்கும் நானா கவலைப்பட முடியும்?

இரண்டு வருஷம் இழுத்தது. தீர்ப்பு வந்த அன்று வக்கீலம்மா கோர்ட்டுக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயிச்சுட்டோம்மா. பட்டறைய மூடச் சொல்லிட்டாங்க. அது மட்டும் இல்ல, கண்மாய் இனிமே ஒரு ஆள்."

"ஆளா?"

"சட்டப்படி ஆள். உங்கள மாதிரி, என்ன மாதிரி. அரசியல் சட்டத்துல இருபத்தோராவது பிரிவுன்னு இருக்கு. உயிரோட வாழற உரிமை. அது கண்மாய்க்கும் உண்டுன்னு சொல்லிட்டாங்க. சுத்தமா இருக்க உரிமை. முழுசா நிறைய உரிமை."

"அது பேசாதேம்மா. வாயில்லாத ஜீவனாச்சே."

"அதுக்குத்தான் உங்களப் போட்டிருக்காங்க. கோயில் சாமி பேருல நிலம் இருக்குல்ல? சட்டத்துல சாமி மைனர் பிள்ளை மாதிரி. அதுக்காக வேற ஒருத்தர் பேசணும், கையெழுத்துப் போடணும். இதுவும் அதே மாதிரிதான். தாசில்தார், இன்ஜினியர், அப்புறம் நீங்க. மூணு காப்பாளர்."

சாமி மைனர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இருபத்தொன்று என்ற எண் மட்டும் மனசில் நின்றுவிட்டது, எனக்குக் கல்யாணம் ஆன வயசு அது. அதே புத்தகத்தில் இன்னோர் இடத்தில், காட்டையும் ஏரியையும் ஆற்றையும் காப்பது குடிமக்கள் கடமை என்றும் எழுதியிருக்கிறதாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம்மிடம் கேட்காமலே நமக்கு வேலை கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஊரில் ஒரு மாதம் ஒரே கேலிதான். "என்னக்கா, கண்மாய்க்கு ரேஷன் கார்டுல பேர் சேத்தாச்சா?" என்பான் ஒச்சப்பன். "ஓட்டு உண்டா? எந்தக் கட்சிக்குப் போடும்?" என்பான். கொஞ்ச நாளில் என்னையே மைனருக்கு அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. தினமும் விடிந்ததும் கரைக்குப் போய்ப் பார்ப்பேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு, என்ன நிறம், நாற்றம் உண்டா, மீன் உண்டா, பறவை வந்ததா. ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் நானே எழுதினேன். தாசில்தார் ஆபீசில் எனக்கு நாற்காலி போட்டார்கள் அம்மா. என் வயசுக்கு ஒரு ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஐந்தாம் வகுப்போடு ஏன் நின்றேன் என்று கேளுங்கள். அதோ உட்கார்ந்திருக்கிறாளே, அவள் பிறந்தாள். அம்மா களையெடுக்கப் போய்விடும். இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் திரிவேன். என் இடுப்பு எலும்பு ஒரு பக்கம் ஒசந்திருக்கிறது, அதற்குக் காரணம் அவள்தான். அவளைப் பத்தாவது வரை படிக்க வைத்தோம். கேஸ் போடும் அளவுக்குப் படித்துவிட்டாள்.

அவள் வீடு கண்மாய் உள்வாயில் இருக்கிறது. உள்வாய் என்றால் தண்ணீர் நிற்கிற பக்கம். பன்னிரண்டு வருஷம் முன்னால் கட்டினார்கள். பட்டா இருக்கிறது, எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அப்போதே சொன்னேன், "தண்ணி படுக்கிற எடத்துல வீடு கட்டாதடி." "தண்ணி எங்கக்கா இருக்கு? சாயம்தான இருக்கு" என்றாள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். கூடப் பிறந்த அக்கா நான் ஒருத்திதான். என்னைத்தானே அடுப்புக்கு முன்னால் நிறுத்த வேண்டும்? அவள் நாத்தனாரை நிறுத்தினாள். நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். பால் பொங்கியது, எல்லாரும் கும்பிட்டார்கள், எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். பரவாயில்லை. அதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. பேச்சு வந்ததால் சொல்கிறேன்.

போன கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாள். ஓடையில் வந்த தண்ணீர் அந்தத் தடவை நிறமே இல்லாமல் வந்தது. நான் குனிந்து கையில் அள்ளிப் பார்த்தேன். கை ரேகை தெரிந்தது. அங்கேயே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்குக் கலிங்கு தெரியுமா? டவுன்காரர் மாதிரி இருக்கிறீர்கள். கண்மாய் நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வெளியே போகிற இடம். வரிசையாகக் கல் தூண் நட்டிருக்கும். தூணுக்கும் தூணுக்கும் நடுவே பலகை சொருகினால் இன்னும் இரண்டு அடி தண்ணீர் கூடுதலாக நிற்கும். அந்தப் பலகைக்கு மேலே வழிந்து ஓடினால் அதற்கு மறுகால் என்று பேர். எங்கள் கண்மாய் மறுகால் பாய்ந்து பதினாறு வருஷம். அந்தத் தடவை பாய்ந்துவிடும் போல இருந்தது. கீழே வயல்காரர்கள் எல்லாம் சந்தோஷமாகப் பலகையைச் சொருகிவிட்டுப் போனார்கள்.

பலகையை எப்போது உருவுவது? இதைக் கவனமாகக் கேளுங்கள், கேஸே இதில்தான். உள்வாயில் ஆள் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. அதில் நெட்டுக்குத்தாக ஒரு மீன் செதுக்கியிருக்கும். வால் கீழே, வாய் மேலே. எந்தக் காலத்தில் யார் நட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. தண்ணீர் வாலைத் தொட்டால் நடவுக்கு இறங்கலாம். வயிற்றைத் தொட்டால் இரண்டு போகம் விளையும். வாயைத் தொட்டால் யாரையும் கேட்க வேண்டாம், பலகையை உருவிவிட வேண்டும். யார் முதலில் பார்த்தாலும் ஓடிவந்து சொல்ல வேண்டும். ஊர்க் கூட்டம் கிடையாது, தலைவர் கிடையாது. மீன் வாய் முங்கிவிட்டது என்று சொன்னால் போதும், நாலு பேர் கடப்பாரையோடு கிளம்பிவிடுவார்கள்.

ஆனால் இப்போது ஆர்டர் வந்துவிட்டதே. காப்பாளர் சம்மதம் இல்லாமல் யாரும் கண்மாயிலிருந்து தண்ணீரையோ மண்ணையோ எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அதனால் பலகையைத் தொட ஒருத்தனுக்கும் தைரியம் இல்லை. பவுன்தாய் அக்கா சொல்லட்டும், பவுன்தாய் அக்கா சொல்லட்டும் என்று இருந்துவிட்டார்கள். தாசில்தாருக்குப் போன் போட்டால் போகவில்லை. இன்ஜினியர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எல்லாம் என் தலையில்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தண்ணீர் பலகைக்கு மேலே வழிந்தது. மறுகால் பாய்ந்துவிட்டது. ஊரே கரையில் நின்று குலவை போட்டது. அதே நேரத்தில்தான் உள்வாயில் தங்கச்சி வீட்டுப் பின்சுவர் விழுந்தது. மூன்று ஆடு செத்தது. அவள் தையல் மிஷின் உள்ளே போய்விட்டது. சுவர்க் கல் அவள் இடது காலில் விழுந்தது. பஸ் ஏறும்போது பார்த்தீர்களா, அந்தக் காலை எப்படித் தூக்கி வைத்தாள் என்று? இரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. இனிமேல் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருப்பேனா? அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அது என் வீட்டு வாசலில் இருந்தது, மூடி திறக்காமல்.

அப்புறம் தை மாதத்தில் கோர்ட் அமீனா வந்தார். நோட்டீஸ் கொடுக்க ஆளைத் தேடிக்கொண்டு ஒச்சப்பன் கடையில் கேட்டிருக்கிறார். "இங்க மருதக்கண்மாய்ங்கறது யாருப்பா?" ஒச்சப்பன் டீயை ஆற்றிக்கொண்டே, "அந்தா படுத்திருக்காரு பாருங்க. எந்திரிக்க மாட்டாரு. நீங்கதான் போகணும்" என்றிருக்கிறான். முதல் பிரதிவாதி மருதக்கண்மாய், அதன் காப்பாளர் பவுன்தாய் மூலமாக. அப்படித்தான் அச்சடித்திருந்தது. கண்மாய்க்கு உரிமை உண்டு என்றால், அது செய்த சேதத்துக்குப் பொறுப்பும் உண்டு என்று கேஸ். எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். பிரதிவாதி வீட்டுக் கதவில் ஒன்று ஒட்ட வேண்டுமே என்று யோசித்தார். கடைசியில் கண்மாய்க்குக் கதவு இல்லை என்று, அந்த மீன் கல்லில் ஒட்டிவிட்டுப் போனார். தண்ணீர் அப்போது வாலுக்கு இறங்கியிருந்தது. மத்தியானத்துக்குள் ஆடு தின்றுவிட்டது.

சிரிக்கிறீர்கள். ஊரும் சிரித்தது. எனக்குத்தான் அலுத்துப்போய்விட்டது அம்மா. ஆஜராகு என்கிறார்கள், ஆஜராகிறேன். வாய்தா என்கிறார்கள், திரும்பி வருகிறேன். முட்டி வலி. பிரஷர். வக்கீலம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து நிதானமாகத்தான் கேட்டார். "மீன் கல்லுல தண்ணி தொட்டிருச்சுன்னு யாராவது உங்ககிட்ட வந்து சொன்னாங்களாம்மா? யோசிச்சுச் சொல்லுங்க." யோசிக்கவே இல்லை, இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அப்படியானால் பிரச்சினை இல்லை, இயற்கையாக நடந்தது என்று சொல்லிவிடலாம் என்றார். நல்ல பிள்ளை, என்னை நம்புகிறது.

அவள் மனுவில் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன் என்று. சாட்சி யாரும் இல்லை. மழையில் எவன் வெளியே இருந்தான்? அவள் சொல்கிறாள், நான் இல்லை என்கிறேன். அவ்வளவுதான்.

வந்தாள்.

சரி, வந்தாள். உங்களிடம் சொல்வதில் என்ன இருக்கிறது, நீங்கள் சாட்சிக்கு வருகிறவர் இல்லையே. மெதுவாகச் சொல்கிறேன், அவளுக்குக் காது பாம்புக் காது. மத்தியானமோ சாயங்காலமோ, மழை இருட்டில் யார் கடிகாரம் பார்த்தார்கள். தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். முழங்கால் வரை சேறு. வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. "அக்கா, மீன் வாய் முங்கிருச்சு" என்றாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. என் வீடு போகுது என்று சொல்லவில்லை. காப்பாத்து என்று சொல்லவில்லை. அழுதிருந்தாலாவது எனக்கு என்ன தோன்றியிருக்குமோ. மீன் வாய் முங்கிருச்சு, அவ்வளவுதான். அந்தக் கல்லுக்கு அவளை இடுப்பில் தூக்கிப் போனதே நான்தான். குட்டி விரலை எடுத்து மீன் வாயில் வைத்து, இது முங்கினால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

நான் என்ன சொன்னேன்? "கோர்ட்டு ஆர்டர்ல மீனப் பத்தி ஒண்ணும் இல்லையே" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "கண்மாய் முழுசா நிறையணும், அது அதோட உரிமை. நான் சொல்லலடி, கண்மாய் கேக்குது" என்றேன். சாக்கைச் சரி பண்ணிக்கொண்டு போய்விட்டாள்.

நான் சொன்னது தப்பா? சொல்லுங்கள். இல்லை, நீங்கள் சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும், தப்பு இல்லை. பதினாறு வருஷமாக நிறையாத கண்மாய். சாயம் கழுவிப் போக அந்த மழை வேண்டும். அதற்கு வாய் இல்லை, நான்தான் வாய். இதில் என் சொந்த விருப்பம் என்று ஒன்றும் கிடையாது. நிலைப்படிக்கு வெளியே அவள் நின்ற அந்த நேரத்தில் எனக்குப் பால் காய்ச்சியது எல்லாம் ஞாபகத்துக்கே வரவில்லை. செருப்புப் பக்கத்தில் நான் நின்ற மாதிரியே அவள் நிற்கிறாள் என்று ஒரு நொடி தோன்றியது, அது சும்மா தோன்றியது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்றைக்கு உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காப்பாளர் தெரிந்தே விட்டுவிட்டாள் என்பார்கள். கேஸில் கண்மாய் தோற்றுவிடும். என்னை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள். அந்த ஆள் யார்? பட்டறைக்காரன் சொல்கிற ஆள். அவள் வக்கீலுக்குப் பின்னால் அவர்கள்தான் இருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. திரும்ப ஊதா, திரும்ப சிவப்பு. ஒரு வார்த்தை இல்லை என்று சொல்லிவிட்டால் கண்மாய் பிழைக்கும். அவளுக்கு ஒன்றும் கிடைக்காது, அது உண்மைதான். அவள் பொய் சொல்கிறாள் என்று ஆகும். அக்கா மேல் இல்லாத பழி போட்டாள் என்று ஆகும். பத்தாவது வரை படித்தவள், தாங்கிக்கொள்வாள்.

என்ன, பஸ் நிற்கிறது? இங்கே ஸ்டாப் இல்லையே. செக்கிங்கா! பார்த்தீர்களா, இன்றைக்கு என்று வருகிறார்கள். உங்கள் டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"டிக்கெட்மா."

"எனக்குக் கண்டக்டர் குடுக்கல சார். என்னத் தாண்டிப் போயிட்டாரு. இந்த அம்மாவ வேணா கேட்டுப் பாருங்க."

"ஃப்ரீயா இருந்தாலும் கையில டிக்கெட் இருக்கணும்மா. என்னய்யா கண்டக்டர் இது?"

"குடுத்தாச்சு சார். அந்தா, முன்னாடி அரக்குச் சேலை. அவங்க ரெண்டுன்னு கேட்டு வாங்குனாங்க."

"யாரும்மா ரெண்டு டிக்கெட் வாங்குனது? கூட யாரு?"

"இந்தா இருக்கு சார். எனக்கு ஒண்ணு. பின்னாடி எங்க அக்காவுக்கு ஒண்ணு."

கேட்டீர்களா அம்மா?

திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் தூக்கி இரண்டு டிக்கெட்டையும் காட்டினாள். எங்க அக்கா என்றாள். நான் பின்னால் ஏறியதை அவள் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பழக்கத்தில் இரண்டு என்று கேட்டிருப்பாள். சின்னதிலிருந்து எங்கே போனாலும் இரண்டுதான். வாய் தவறி வந்திருக்கும். ஆனால் அந்த ஆள் கூட யாரு என்று கேட்டாரே, அப்போது சும்மா இருந்திருக்கலாம். ஒன்று கண்டக்டர் தப்பாகக் கொடுத்தது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது சார் என்று ஒரு வார்த்தை. யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்?

நான் மாட்டியிருப்பேன், அவ்வளவுதான். அவளுக்கு என்ன.

கொஞ்சம் அந்தத் தண்ணீர் பாட்டிலை எடுங்கள். இல்லை, வேண்டாம். மூடியை நானே இறுக்கித் திருகி வைத்திருக்கிறேன், இப்போது திறக்க வராது.

கண்மாய் கேக்குது என்று சொன்னேன் பாருங்கள் அவளிடம். கண்மாய் எங்கே கேட்டது? அது சொன்னது வேறு. அது அந்தக் கல்லில் எந்தக் காலத்திலோ எழுதி வைத்துவிட்டது, படிக்காதவளும் படிக்கிற மாதிரி. அதைத்தான் அவள் நனைந்துகொண்டு வந்து என்னிடம் சொன்னாள். நான்தான் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

கோர்ட் ஸ்டாப் வந்துவிட்டது. பையைக் கொடுங்கள். உங்கள் கேஸ் என்ன என்று நான் கேட்கவே இல்லை பாருங்கள். மத்தியானம் கோர்ட்டில்தானே இருப்பீர்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சொல்லுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். முதலில் வக்கீலம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும், பாவம், முகம் சுண்டிப்போகும். எழுதியதை மாற்ற முடியுமா என்று தெரியவில்லை. வாயால் சொன்னால் எழுதிக்கொள்வார்கள் இல்லையா?

கடிகாரம் பார்க்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன், அதுவும் இல்லை. பார்த்தேன். அவள் வாசலில் நின்றபோது எங்கள் சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது. அது ஐந்து நிமிஷம் வேகமாக ஓடும். அப்படியென்றால் மூன்றேகால். சுவர் விழ இன்னும் இரண்டரை மணி நேரத்துக்கு மேலே இருந்தது. மூன்றேகால் என்று சரியாகச் சொல்ல வேண்டும்.

வழி விடுங்கள் ஐயா. எனக்கு இல்லை, நான் எப்படியும் இறங்கிவிடுவேன். அந்தா எழுந்திருக்கிறாளே, அவளுக்கு இந்தக் கடைசிப் படி ரொம்ப உயரம், அந்தக் காலை ஊன்ற முடியாது. நான் முன்னால் இறங்கி நிற்க வேண்டும்.